நகராட்சியின் தூய்மைப் பணி ஒப்பந்தத்தை ஆன்லைனில் முழுதாகப் பார்க்க முடியுமா?

கேள்வி: எங்கள் நகராட்சி தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டிருக்கிறது. யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை ஆட்களுக்கு என்ற விவரமெல்லாம் ஆன்லைனில் கிடைக்குமா? எங்கே தேட வேண்டும்?

பாதி கிடைக்கும். டெண்டர் ஆன்லைனில் இருக்கும், ஒப்பந்தம் இருக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தேடுவதால்தான் பலரும் பாதியில் கைவிடுகிறார்கள். விலை வெளியே தெரியும்; அந்த விலைக்கு உண்மையில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பது தெரியாது. பணம் கசிவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். கணக்குப் போட்டுக் கீழே காட்டுகிறேன்.

முதலில் கிடைக்கிற பாதி. தமிழ்நாட்டில் டெண்டர்களுக்கான சட்டம் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதன் விதிகள் 2000-ஆம் ஆண்டுக்கானவை. உள்ளாட்சிகளின் டெண்டர்கள் மாநில அரசின் டிஎன்டெண்டர்ஸ் தளத்தில் ஏறும். இது தேசியத் தகவலியல் மையம் செய்த மென்பொருள். மத்திய அரசின் இ-புரொக்யூர் தளமும் இதே மென்பொருளில் ஓடுவதால், ஒன்றைப் பழகினால் மற்றது தானே வந்துவிடும். லாகின் தேவையில்லை, டிஜிட்டல் கையெழுத்து தேவையில்லை. கேப்சா (படத்தில் காட்டும் எழுத்துகள்) மட்டும் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பார்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் போட்ட தேடலெல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முகப்பில் கண்ணில் படும் 'ஆக்டிவ் டெண்டர்ஸ்' உங்களுக்கு உதவாது. அது இன்னும் திறந்திருப்பவற்றின் பட்டியல். முடிந்துபோனதைப் பார்க்க 'டெண்டர்ஸ் ஸ்டேட்டஸ்' பக்கத்துக்குப் போங்கள். டெண்டர் ஐடி தெரிந்தால் ஒரே அடியில் கிடைக்கும். ஆண்டு, அலுவலகக் குறியீடு, வரிசை எண், கடைசியில் ஒரு சின்ன எண் என்று அடிக்கோடுகளால் இணைத்த நீண்ட எண் அது. நாளிதழில் வந்த டெண்டர் விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் அலுவலகத்தின் ந.க. எண், அதாவது கோப்பு எண். அதை ஐடி கட்டத்தில் போட்டால் ஒன்றும் வராது.

ஐடி இல்லையென்றால் சொல்லை வைத்துத் தேட வேண்டும். இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, நகராட்சியின் பெயர் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்காது. ஊர்ப்பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். இரண்டு, சேவை டெண்டரைப் பதிவேற்றுபவர்கள் பல நேரம் 'சர்வீசஸ்' என்று குறிக்காமல், பழக்கத்தில் கட்டுமானப் பணிகளுக்கான 'ஒர்க்ஸ்' என்று குறித்துவிடுவார்கள். சாலை, சாக்கடை டெண்டர்களுக்கு நடுவே தூய்மைப் பணி கிடக்கும். ஆகவே வகைப்பிரிவு வடிகட்டியைப் போடாமலே தேடுங்கள். சாலிட் வேஸ்ட், சானிட்டரி, கன்சர்வன்சி, மேன்பவர், அவுட்சோர்சிங் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டெண்டர் கிடைத்ததும் நிலைச் சுருக்கத்தைத் திறந்தால் நான்கு விஷயங்கள் தெரியும்: யார் யார் போட்டார்கள், தொழில்நுட்பக் கட்டத்தில் யார் தேறினார்கள், யாரைத் தள்ளினார்கள், விலை ஒப்பீட்டுப் பட்டியல். கடைசியில் ஏ.ஓ.சி. என்று ஒரு நிலை வரவேண்டும், அதாவது ஒப்பந்தம் வழங்கப்பட்டது என்ற பதிவு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தளத்தில் 'ஃபைனான்ஷியல் எவாலுவேஷன்' (விலை மதிப்பீடு) என்ற நிலையிலேயே பல டெண்டர்கள் நின்றிருப்பதைப் பார்ப்பீர்கள். அதில் பெரிய சூது எதையும் தேட வேண்டாம். விலையைத் திறந்து எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர், யாரென்று தெரிந்ததும் அலுவலகத்தின் தேவை முடிந்துவிடுகிறது; பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. பேரம் பேசிக் குறைத்த விலையும் அங்கே ஏறாமல் போவதுண்டு. எனவே பட்டியலில் காணும் தொகை ஏலத்தில் கேட்ட தொகை மட்டுமே. ஒப்பந்தத் தொகை என்று அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

தேதிகளையும் பாருங்கள். விதி 20-இன்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தரவேண்டும். குறைப்பதானால் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். 3 கோடி ரூபாய் டெண்டருக்கு 9 நாள்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த அனுமதி ஆணைதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம். திருத்த அறிவிப்பு வந்திருந்தால் அதையும் திறந்து பாருங்கள். முன் அனுபவம், ஆண்டு வரவுசெலவு போன்ற தகுதி நிபந்தனைகள் மாறுவது அங்கேதான். இன்னொன்று: கெடு முடிந்த பிறகும் டெண்டர் ஆவணங்கள் அங்கேயே இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். திறந்திருக்கும் நாள்களிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலைப்பட்டியலைப் படிக்கும் விதம். தூய்மைப் பணிக்கு விலை கேட்பது பொதுவாக மூன்று வகை: ஆள் கணக்கு, டன் கணக்கு, மொத்தத் தொகை. நகராட்சி தரும் மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் கூட அல்லது குறைவு என்று கேட்பதும் உண்டு. அப்படியானால் ஒப்பீட்டுப் பட்டியலில் வெறும் சதவீதம்தான் தெரியும், ரூபாய் தெரியாது. மதிப்பீட்டுத் தொகைக்கான கட்டத்தில் சுழியம் போட்டிருந்தால் அந்தச் சதவீதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆள் கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். தினக்கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 13,000. அதன் மேல் முதலாளி பங்கு பி.எஃப். (வருங்கால வைப்புநிதி) 13 சதவீதம் (12 சதவீதப் பங்கு, காப்பீடு அரை, நிர்வாகச் செலவு அரை), 1,690. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 422.50. போனஸ் 8.33 சதவீதம், 1,082.90. கூட்டினால் 16,195.40. இதுவரை எந்த நிறுவனம் எடுத்தாலும் ஒரே தொகைதான். சட்டப்படி குறைக்க வழியில்லை. போட்டியெல்லாம் இதன் மேல் வைக்கும் சேவைக் கட்டணத்தில்தான். மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம்மில் வரும் மனிதவள ஏலங்கள் பலவற்றில் 3.85 சதவீதம் என்ற எண்ணைக் காண்பீர்கள். அதையே இங்கும் வைத்தால் 623.52. ஆக ஒரு ஆளுக்கு மாதம் 16,818.92 ரூபாய்.

அதே ஆள் கையில் வாங்குவது 13,000-இல் தன் பங்கு பி.எஃப். 1,560, இ.எஸ்.ஐ. 97.50 போக 11,342.50. "நகராட்சி 16,800 தருகிறது, தொழிலாளிக்கு 11,300தான் போகிறது, மிச்சமெல்லாம் ஒப்பந்ததாரர் பையில்" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். முறையாகக் கட்டினால் ஒப்பந்ததாரருக்கு நிற்பது 623.52 மட்டுமே. சீருடை, கையுறை, மேற்பார்வையாளர் சம்பளம், பில் தாமதத்துக்கான வட்டி எல்லாம் அதிலேயே அடக்கம் என்று நிபந்தனை இருந்தால் அதுவும் மிஞ்சாது.

அப்படியானால் இந்த விலைக்கு ஏன் போட்டி போடுகிறார்கள்? வராத ஒருவருக்கு ஒரு மாதம் வருகை போட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் கட்டாமல் விட்டால் 16,818.92 ரூபாய் அப்படியே நிற்கும். அது 27 பேருக்கான சேவைக் கட்டணத்துக்குச் சமம். எல்லா ஒப்பந்ததாரரும் இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கண்காணிக்க வேண்டிய இடம் வருகைப் பதிவேடு என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. டன் கணக்கில் இதே இடத்தில் எடைமேடைச் சீட்டு நிற்கிறது. ஈரக் குப்பையும் கட்டட இடிபாடும் சேர்ந்தால் எடை கூடும். லாரி எண், வெற்று எடை, நேரம் மூன்றும் இல்லாத சீட்டு வெறும் தாள்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை நான் கூட்டவில்லை, கவனித்தீர்களா? பொருள் எதுவும் சேராத தூய சேவையை, நகராட்சிகளின் பணிகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 243-டபிள்யூ பிரிவில் வரும் பணிக்காக உள்ளாட்சிக்கு அளித்தால் வரிவிலக்கு உண்டு. இதே ஆட்களை அரசு நிறுவனம் ஒன்றின் அலுவலகத்துக்கு அனுப்பினால் வரி உண்டு. இரண்டு ஊர் டெண்டர்களை ஒப்பிடும்போது ஒன்றில் வரி சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருக்கலாம்.

இப்போது கிடைக்காத பாதி. கையெழுத்தான ஒப்பந்தப் பத்திரம், பணி ஆணை, நீட்டிப்பு ஆணைகள், அபராதப் பிடித்தம், மாதாந்திர பில். இவை டெண்டர் தளத்தில் பொதுவாக ஏறுவதில்லை. உக்ரைனின் அரசுக் கொள்முதல் தளமான புரோஸோரோவில் ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும் டெண்டரோடு சேர்ந்தே வெளியாகின்றன. கனடாவில் மத்திய அரசுத் துறைகள் 10,000 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைத் திருத்தங்களோடு வெளியிடுகின்றன. நம்மிடம் டெண்டர் ஐடி ஒன்று, பணி ஆணையின் ந.க. எண் வேறு, பில்லின் எண் வேறு; மூன்றையும் இணைக்கும் நூல் கோப்புக்குள்தான் இருக்கிறது. விதியும் இல்லாமல் இல்லை. மத்திய பணியாளர் துறை 15.04.2013 அன்று வெளியிட்ட தானாக வெளியிடும் தகவல்களுக்கான வழிகாட்டுதல், ஒப்பந்தம் பெற்றவர் பெயர், விலை, மொத்தத் தொகை எல்லாவற்றையும் வெளியிடச் சொல்கிறது. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கானது என்றாலும், மனுவில் சுட்டிக்காட்ட நல்ல ஆதாரம்.

நீட்டிப்புதான் கண்ணுக்கே படாத ஒன்று. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தும் அதே நிறுவனம் வேலை செய்துகொண்டிருக்கிறது, புது டெண்டரும் தளத்தில் இல்லை என்றால், நகர்மன்றத் தீர்மானத்தில் தேடுங்கள். கூட்டத்துக்கு முன் கவுன்சிலர்களுக்கு மன்றப் பொருள் (கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல்) நகல் போகும். "பொதுமக்கள் நலன் கருதி மேலும் மூன்று மாதங்களுக்கு" என்பது போன்ற வரி அதில் இருக்கும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டாலே கிடைத்துவிடும், மனு எழுத வேண்டாம்.

மற்றதற்குத் தகவல் உரிமைச் சட்டம். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம், மாநில அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலும் போடலாம். "ஏன்", "எப்படி" என்று கேட்காதீர்கள்; காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

- குறிப்பிட்ட டெண்டர் ஐடி தொடர்பான ஒப்பந்தப் பத்திரம், இணைப்புகளுடன்
- பணி ஆணை, அதன்பின் வந்த நீட்டிப்பு ஆணைகள் அனைத்தும்
- குறிப்பிட்ட மூன்று மாதங்களுக்கான பில், அதனுடன் வைத்த வருகைச் சுருக்கம்
- அதே மாதங்களுக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் நகல்
- பில்லில் பிடித்தம் செய்த அபராத விவரம்

மூன்று மாதம் போதும். மூன்று ஆண்டுக்குக் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெரிய தொகை கட்டச் சொல்வார்கள், அல்லது நேரில் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நேரில் பார்ப்பது கெட்ட யோசனை இல்லை. சட்டத்தின் 2(ஜே) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கோப்பின் குறிப்புப் பக்கங்கள் நகலில் வராவிட்டாலும் அங்கே கண்ணில் படும்.

தொழிலாளர்களின் பெயரையும் வங்கிக் கணக்கையும் கேட்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடமளிக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதால், அந்த ஒரு வரியைக் காட்டி மொத்த மனுவையும் தள்ளிவிட வழி கிடைத்துவிடும். நாள்வாரி எண்ணிக்கை போதும். "வணிக ரகசியம், 8(1)(டி)" என்று பதில் வந்தால், அரசுப் பணத்தில் கொடுத்து முடித்த விலையில் ரகசியம் இல்லை என்றும், ரகசியமான பகுதி இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அதை மறைத்து மிச்சத்தைத் தரவேண்டும் என்றும் மேல்முறையீட்டில் எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள். ஒப்பந்ததாரரின் கருத்தைக் கேட்க வேண்டுமென்றால் 40 நாள். முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள், அதன்பின் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள்.

சலான் வருவதற்குள் நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. வருங்கால வைப்புநிதி அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நிறுவனத் தேடல் என்ற பொதுப் பக்கத்தில் ஒப்பந்ததாரரின் பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை ஊழியருக்குக் கட்டினார்கள் என்று வரும். அது அந்த நிறுவனம் எல்லா ஊரிலும் வைத்திருக்கும் ஆட்களின் மொத்தம், உங்கள் நகராட்சிக்கு மட்டுமானது அல்ல. ஆனால் உங்கள் ஊர் பில்லிலேயே 180 பேர் இருக்க, நிறுவனம் மொத்தமாக 140 பேருக்குத்தான் கட்டியிருக்கிறது என்றால், அந்த இரண்டு தாளையும் சேர்த்து நகராட்சி ஆணையருக்கும் வருங்கால வைப்புநிதி மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.