எல்லாம் கடவுள் என்றால் என் தப்புக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் வரலாற்றுத் தத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே கடவுளுக்குள் அடக்கம், வரலாறும் அதன் போக்கில்தான் போகும் என்றால் மனிதனுக்குச் சுதந்திரம் எங்கே? கொடுமை செய்தவனை எப்படிக் குற்றம் சொல்வது?

பதில்: இதே பயம் 1785-லேயே ஜெர்மன் சிந்தனையாளர்களைக் கலக்கிவிட்டது. எல்லாமே கடவுள், எல்லாம் அவசியப்படியே நடக்கிறது என்ற தத்துவவாதி ஸ்பினோசா பற்றிய கடிதங்களை யாகோபி என்ற ஜெர்மன் சிந்தனையாளர் வெளியிட்ட ஆண்டு அது. பகுத்தறிவைக் கடைசிவரை கொண்டுபோனால் எல்லாம் விதிப்படி என்ற இடத்தில்தான் போய் நிற்போம், சுதந்திரம் வேண்டுமானால் நம்பிக்கைக்குத் தாவியே ஆகவேண்டும் என்றார் அவர்.

உங்கள் கேள்விக்கு நேராக முகம் கொடுத்தவர் ஷெல்லிங் என்ற ஜெர்மன் தத்துவவாதி, ஹெகலோடு ட்யூபிங்கன் நகரில் ஒன்றாகப் படித்தவர். மனித சுதந்திரம் பற்றி 1809-இல் அவர் எழுதியதை முதலில் படியுங்கள், ஹெகல் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். கடவுளைச் சார்ந்திருந்தால் சுதந்திரம் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம் இல்லையா, அதைத்தான் அவர் மறுக்கிறார். கண் உடம்போடு இருந்தால்தான் கண், ஆனாலும் அதற்கென்று ஓர் உயிர்ப்பு உண்டு, இல்லாவிட்டால் கண்ணுக்கென்று தனியாக நோய் வருமா என்கிறார். உயிருள்ள கடவுள் வெறும் இயந்திரங்களிலா தன்னை வெளிப்படுத்துவார்?

சரி, தீமை? அது நன்மையின் குறைபாடு, அவ்வளவுதான் என்று லைப்னிட்ஸ் போன்ற தத்துவவாதிகள் சொல்லிவந்தார்கள். ஷெல்லிங் ஏற்கவில்லை, அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரிய கொடுமைகளைச் செய்தவர்களிடம் அறிவுக்கோ மன உறுதிக்கோ பஞ்சமே இருந்ததில்லை. கடவுளிடமே அறிவொளிக்கு அடியில் இருண்ட ஓர் அடித்தளம், ஒரு வேட்கை, இருக்கிறது, இயற்கைக்கும் அதுதான் வேர் என்கிறார். கடவுளில் இருளும் ஒளியும் பிரிக்கமுடியாதபடி சேர்ந்திருக்கின்றன, மனிதனில் பிரியலாம். அப்படிப் பிரிந்து, தன்விருப்பம் மேலே ஏறி எல்லாவற்றையும் தனக்குக் கீழே கொண்டுவரப் பார்த்தால் அதுதான் தீமை. நன்மை, தீமை இரண்டுக்குமான அந்த ஆற்றலே நம் சுதந்திரம். ஆகவே குற்றத்தின் பொறுப்பு அதைச் செய்தவனுடையதுதான்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொருவரின் குணமும் காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரு செயலில் அவரே தேர்ந்துகொண்டது என்கிறார். அப்படியானால் ஒருவன் நடுவில் திருந்துவது எப்படி? திருந்துவதும் அந்த முதல் செயலில் அடக்கம் என்று பதில் வைத்திருக்கிறார், போதவில்லை.

ஹெகலையும் விட்டுவிடாதீர்கள். வரலாறு சுதந்திர உணர்வின் முன்னேற்றம் என்ற அவர் கணக்கில் கிழக்கு நாடுகளில் ஒருவனுக்குத்தான் சுதந்திரம், கிரேக்கத்திலும் ரோமிலும் சிலருக்கு, ஜெர்மானிய கிறித்தவ உலகில் எல்லாருக்கும். கிழக்கைப் பற்றி இப்படிச் சொன்னது அநியாயம். மக்களின் மகிழ்ச்சி பலியிடப்பட்ட மேடை என்று வரலாற்றைச் சொல்லிவிட்டு, அந்தப் பலி எதற்காக என்று அவர் உடனே நோக்கத்தைத் தேடிப் போகும் இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தால் அதுவும் சரியானதே. ஆனால் சட்டமும் குடும்பமும் அரசும் இல்லாமல் சுதந்திரம் மனசுக்குள் மட்டும் நிற்காது என்பதை அவரிடம்தான் கற்கமுடியும், 1809 ஷெல்லிங்கிடம் அது கிடைக்காது.

ஷெல்லிங் நூலின் தொடக்கத்தில் ஸ்பினோசா பற்றிய பழைய வாதங்கள் நிறைய வரும், சலிப்பாகக்கூட இருக்கும். தாண்டிப் போய்விடாதீர்கள், சார்ந்திருப்பது பற்றிய வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.