கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமா?

போகாது. உங்களைப் பயமுறுத்தியது வீட்டுப் பெரியவர் யாராவதாகத்தான் இருக்கும். எனக்கு வாய்த்தவர் என் மாமியார். மஞ்சக்குப்பத்தில் பாதித் தெருவுக்கு அவர்தான் வைத்தியர்.

நான் பல் மருத்துவன் அல்ல, கடலூரில் கடை வைத்திருப்பவன். அதற்காக, என் தாடைக்குள் என்ன ஓடுகிறது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா?

என் கீழ் ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்துக் கன்னம் வீங்கியது. "வேண்டாம் மாப்பிள்ளை, கண் நரம்பு அங்கேதான் இருக்கிறது" என்றார் மாமியார். புதுச்சேரியில் நான் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வைத்துப் பொறுமையாக விளக்கினார். பார்வைக்கு உரியது இரண்டாம் மூளை நரம்பு. பல்லுக்கு உரியது ஐந்தாம் நரம்பு. அது மூன்றாகப் பிரிகிறது. கீழ்த்தாடைக்கு வருவது மூன்றாவது கிளை. அதிலிருந்து பிரியும் நரம்பு, ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துக்கொண்டு, தாடையின் பின்பகுதியில் உட்புறமாக உள்ள துளை வழியே எலும்புக்குள் நுழைகிறது. பல் வேர்களுக்கு அடியில் ஒரு கால்வாயில் ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே இன்னொரு துளையில் ஒரு கிளையை வெளியே விடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அந்தக் கிளைதான். கண் பக்கமே அது போவதில்லை.

என் பல்லின் வேர் அந்தக் கால்வாயை உரசிக்கொண்டு நின்றது. "உதடு கொஞ்ச காலம் மரத்திருக்கலாம்" என்று முன்பே சொல்லித்தான் எடுத்தார். அப்படியே ஆனது. மோர் குடித்தால் சட்டையில் வழியும், எனக்குத் தெரியாது. ஆனால் வாய் கோணவில்லை, ஏனென்றால் உதட்டை அசைப்பது ஏழாம் நரம்பு. மாமியார் விடவில்லை: "கண்ணுக்கு வந்தது உதட்டோடு போயிற்று!" சில மாதங்களில் உணர்ச்சி ஊறி ஊறித் திரும்பியது. எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குத் தங்கிவிடுவதும் உண்டு. பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்.

பல்லைவிட என்னை வதைத்தது திரும்பி வந்த பயணம். இரண்டு ஊருக்கும் இடையே 25 கி.மீ. கூட இல்லை, நேர் ரயில் பாதை கிடையாது. விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும். வாயில் பஞ்சோடு பஸ்ஸில் நின்று, நடத்துநருக்கு ஜாடையில் ஊர்ப்பெயர் சொல்லிப் பாருங்கள், தெரியும். பாதை வரப்போகிறது என்ற பேச்சை எனக்கு ஞானப்பல் முளைப்பதற்கு முன்பிருந்தே கேட்கிறேன்.

நீங்கள் மருத்துவரிடம் கண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். வேர் நரம்புக் கால்வாயைத் தொடுகிறதா என்று கேளுங்கள். மிக நெருக்கம் என்றால் பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு. வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ இந்தத் தளத்தில் பதிலைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.