எட்டு மணி நேரமும் அராஜகவாதிகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் இருபது வருடம் சங்கப் பொறுப்பில் இருந்தேன். மே தினத்தன்று மில் வாசலில் கொடியேற்றிவிட்டுச் சிகாகோ தியாகிகளைப் பற்றிப் பேசுவது என் வேலை. போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் அவர்களை 'அராஜகவாதிகள்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. தூக்கில் போட்டவர்கள் சுமத்திய பழியை நீங்களும் சுமத்துகிறீர்களே என்று நினைத்தேன். கல்லூரியில் வரலாறு படிக்கும் என் பேத்தி, "இல்லை தாத்தா, அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்" என்கிறாள்.

அராஜகம் என்றால் அடிதடி, அட்டூழியம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு பெயரை யாராவது விரும்பி வைத்துக்கொள்வார்களா? வைத்துக்கொண்டவர்கள், குண்டு போட்டதைத் தவிர, உருப்படியாக எதையாவது செய்திருக்கிறார்களா? எந்த நாட்டிலும் ஜெயிக்காத ஓர் இயக்கத்தைப் பற்றி இன்றைக்கு ஏன் படிக்க வேண்டும்? விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ரா. செ., கோவை

*

அன்புள்ள ரா. செ. அவர்களுக்கு,

உங்கள் பேத்தி சொன்னதுதான் சரி. 1887 நவம்பர் 11 அன்று சிகாகோவில் தூக்கிலிடப்பட்ட பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், எங்கல் ஆகிய நால்வரும் அராஜகவாதிகள். அதை அவர்கள் நீதிமன்றத்தில்கூட மறைக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், சங்கத்துக்காரரான உங்களுக்கு இது பிடிக்கும். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையையே சிகாகோ அராஜகவாதிகள் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கூலிக்கு உழைக்கும் முறையே ஒழிய வேண்டியிருக்கும்போது இரண்டு மணி நேரத்தைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் வாதம். தொழிலாளர்கள் பட்டறை பட்டறையாக அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்ததும் மனம் மாறி முன்வரிசைக்கு வந்தார்கள். அவர்கள் தூக்குக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது, 1886 மே 4 இரவு சிகாகோ ஹேமார்க்கெட் திடலில் போலீஸ் மீது வீசப்பட்ட குண்டு. அதை வீசியது யார் என்பது இன்றுவரை தெரியாது. 1893-இல் இலினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், அதே வழக்கில் சிறையில் மிச்சமிருந்த மூவரையும் விடுவித்தபோது, அந்த விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று எழுத்தில் சொன்னார்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. சொல்தான் சிக்கல். அராஜகம் என்றால் ராஜா இல்லாத நிலை, அவ்வளவுதான். ஆனால் ராஜா இல்லாவிட்டால் எல்லாம் நாசமாகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. வால்மீகி ராமாயணத்தில் தசரதன் இறந்ததும், அரசனில்லாத நாட்டில் மழை பெய்யாது, மகன் தகப்பன் சொல்லைக் கேட்கமாட்டான், வணிகர்கள் பயமில்லாமல் வழி நடக்க முடியாது என்று முனிவர்கள் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த ஐரோப்பியச் சொல்லுக்கும் இதே கதிதான். 1840-இல் பிரெஞ்சுக்காரரான புரூதோன், திட்டுவதற்குப் பயன்பட்ட அந்தச் சொல்லை எடுத்துத் தன் கொள்கைக்குப் பெயராக்கினார். இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு தனக்கு எதிராகக் கை தூக்கிய எல்லோர் மீதும் அதை வீசியது. நாம் ரௌலட் சட்டம் என்று சொல்கிறோமே, அதன் அதிகாரப்பூர்வமான பெயரே 1919-ஆம் ஆண்டின் 'அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம்'. அதற்கு மூன்று வருடம் முன்பு காசியில் பேசிய காந்தி, நானும் ஓர் அராஜகவாதிதான், ஆனால் வேறு வகை என்று சொல்லியிருந்தார்.

ஏற்பாடே வேண்டாம் என்று இந்த இயக்கம் ஒருநாளும் சொன்னதில்லை. மேலே ஓரிடத்தில் முடிவெடுத்துக் கீழே உத்தரவாக அனுப்பும் ஏற்பாடு வேண்டாம் என்றது. வேலை செய்கிறவர்கள் தங்கள் பட்டறையில் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். பேசப் போகிறவரை அனுப்பட்டும். சொன்னபடி பேசாவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்ளட்டும். இப்படிப் பட்டறைகள் ஊராகவும் ஊர்கள் நாடாகவும் இணையட்டும். இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தால் நான் உங்களை 1919-ஆம் ஆண்டு ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அங்கே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஊர் மக்கள் வைத்திருந்த பெயர் 'லா கனடியென்ஸ்'. தலைமையகம் கனடாவில் இருந்ததால் அந்தப் பெயர். பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பில் போடும் பிரிவில் சம்பளத்தைக் குறைத்தார்கள். எதிர்த்துக் கேட்ட எட்டு குமாஸ்தாக்களை வேலையை விட்டு நீக்கினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அப்புறம் மீட்டர் பார்ப்பவர்கள். அப்புறம் மின் நிலையத்துத் தொழிலாளர்கள். ஊர் இருண்டது, டிராம் நின்றது, ஆலைகள் நின்றன. அரசாங்கம் அந்தத் தொழிலாளர்களையெல்லாம் ராணுவத்தில் சேர்த்துவிட்டதாக அறிவித்து, வேலைக்கு வா என்று உத்தரவு போட்டது. வர மறுத்த ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து மோன்ட்ஜூயிக் கோட்டையில் அடைத்தது. அச்சகத் தொழிலாளர்களோ, வேலைநிறுத்தத்துக்கு எதிரான செய்தியை அச்சுக் கோக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நாற்பத்து நான்கு நாள் போராட்டம். எட்டு குமாஸ்தாக்களுக்காக ஒரு நகரம் நின்றது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதை நடத்திய சங்கம் 1910-இல் பார்சிலோனாவில் தொடங்கப்பட்ட தேசியத் தொழிலாளர் கூட்டமைப்பு, சுருக்கமாக சிஎன்டி. அராஜகவாதிகளின் சங்கம். சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் கிட்டத்தட்ட இல்லாத சங்கம். செயலாளராக இருப்பவரும் பகலில் தன் தொழிலைச் செய்துவிட்டு மாலையில்தான் சங்க வேலை பார்க்க வேண்டும். அதன் பெரிய தலைவர் சல்வதோர் செகி வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் தொழிலாளி. உடன்பாடு எட்டியதும், ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, காளைச் சண்டை நடக்கும் மைதானத்தில் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாகக் கூடினார்கள். சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வரும்வரை திரும்பக் கூடாது என்று பலர் கத்தினார்கள். செகி எழுந்து பேசி அவர்களைச் சம்மதிக்க வைத்தார். நீங்கள் எத்தனையோ வாயிற்கூட்டங்களில் நின்றிருப்பீர்கள். கொதித்துப்போயிருக்கும் கூட்டத்தை வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதை விட, வேலைக்குத் திரும்பச் சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராணுவம் தன் கையிலிருந்த கைதிகளை விட மறுத்ததால் அந்த மாதக் கடைசியிலேயே மறுபடியும் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, ஏப்ரல் 3 அன்று, ஸ்பெயின் அரசு எட்டு மணி நேர வேலை நாளை எல்லாத் தொழில்களுக்கும் சட்டமாக அறிவித்தது.

உருப்படியாக என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். என் முதல் பதில் இதுதான். செகி அந்த வெற்றியை நீண்டநாள் பார்க்கவில்லை. முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள், பிறகு கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை அமர்த்தினார்கள். 1923 மார்ச்சில் பார்சிலோனா தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, குண்டு விஷயத்துக்கு வருகிறேன். அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. 1890-களில் அராஜகவாதிகளில் சிலர், ஒரு கொலை நூறு துண்டறிக்கைக்குச் சமம் என்று நம்பினார்கள். 1893-இல் பார்சிலோனாவின் லிசேயு இசை அரங்கில், நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் மேல் குண்டு வீசி இருபது பேர் அளவில் கொன்றார்கள். 1894-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர், 1900-இல் இத்தாலிய மன்னர், 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லி என்று கொலைகள் தொடர்ந்தன. ஒரு கொலையாலும் ஒரு தொழிலாளிக்கும் ஒரு நன்மையும் வரவில்லை. ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் போலீஸ் வேட்டையாடியது சங்கத்துக்காரர்களைத்தான். இது தப்பு என்று இயக்கத்துக்குள்ளேயே உரக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். அப்படிச் சொன்னவர்கள்தான் தொழிற்சங்கங்களுக்குள் போனார்கள். அதிலிருந்து வந்ததுதான் சிஎன்டி.

உங்கள் கடைசிக் கேள்விதான் கடினமானது. எங்கும் ஜெயிக்கவில்லையே? ஆமாம், ஜெயிக்கவில்லை. ஜெயிக்கும் இடத்துக்கு ஒரே ஒருமுறை மிக அருகில் வந்தார்கள், அங்கேதான் இடறினார்கள்.

1936 ஜூலை 19. ஸ்பெயினின் குடியரசு அரசைக் கவிழ்க்க எழுந்த தளபதி ஃபிராங்கோவுக்கு ஆதரவாக பார்சிலோனாவில் ராணுவம் கிளம்பியது. சிஎன்டி தொழிலாளர்கள் கையில் கிடைத்த ஆயுதங்களோடு தெருவில் இறங்கினார்கள். அரசுக்கு விசுவாசமாக நின்ற காவலர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். இரண்டே நாளில் ராணுவம் தோற்றது. பார்சிலோனா இருக்கும் கத்தலோனியா பகுதி அரசின் தலைவர் கும்பானிஸ் சிஎன்டி தலைவர்களைத் தன் மாளிகைக்கு அழைத்தார். பல இரவு தூங்காத கண்களோடு, புழுதி படிந்த துப்பாக்கிகளோடு போனார்கள். நகரம் உங்கள் கையில், நான் வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், நானும் உங்களில் ஒரு படைவீரனாக வருகிறேன் என்று அவர் சொன்னதாக, அங்கே இருந்த கார்சியா ஒலிவேர் பின்னாளில் எழுதினார். அவர்கள் முன்னால் இரண்டு வழிகள். தாங்களே அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் அது அராஜகவாதிகளின் சர்வாதிகாரம், வாழ்நாள் முழுக்க எதிர்த்த விஷயம். எடுக்காவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும். அவர்கள் எடுக்கவில்லை.

கீழே, தெருவில், தொழிலாளர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. டிராம் தொழிலாளர்கள் சண்டை ஓய்ந்த சில நாட்களில், வண்டிகளைப் பழுதுபார்த்து, கறுப்பும் சிவப்புமாக வண்ணம் பூசி ஓட்டத் தொடங்கினார்கள். தொலைபேசி நிலையம், உணவு விடுதிகள், பஞ்சாலைகள் எல்லாவற்றையும் அங்கே வேலை பார்த்தவர்களின் குழுக்கள் நடத்தின. அரகோன் பகுதிக் கிராமங்களில் நிலத்தைப் பொதுவாக்கினார்கள். சில ஊர்களில் காசையே ஒழித்துக் கூப்பன் கொடுத்தார்கள். மனமுவந்து சேர்ந்தவர்களும் உண்டு. தோளில் துப்பாக்கியோடு நின்ற போராளிகளுக்குப் பயந்து சேர்ந்தவர்களும் உண்டு. அந்த மாதங்களில் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், அதில் அராஜகவாதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த டிராம்களை நேசிக்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும்.

நவம்பரில் அவர்களில் நால்வர் மாட்ரிட் அரசில் அமைச்சர்களானார்கள். அரசே கூடாது என்றவர்கள்! கார்சியா ஒலிவேர் நீதி அமைச்சர். சுகாதார அமைச்சரான ஃபெதெரிகா மொன்செனி ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர். 1937 மே 3 அன்று, தொழிலாளர் குழுவின் கையிலிருந்த பார்சிலோனா தொலைபேசி நிலையத்தைப் பிடிக்கப் போலீஸ் வந்தது. தெருக்களில் மறுபடியும் தடுப்பரண்கள் எழுந்தன. ஃபிராங்கோவுக்கு எதிராக ஒரே அணியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அப்போது வானொலியில், ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று தங்கள் தோழர்களைக் கெஞ்சியது இந்த ஒலிவேரும் மொன்செனியும்தான். தோழர்கள் கேட்டார்கள். ஆகஸ்டில் அரகோனின் கூட்டுப்பண்ணைகள் மீது குடியரசின் படையே பாய்ந்தது. 1939-இல் ஃபிராங்கோ வந்தார்.

என் கருத்தைச் சொல்கிறேன். அதிகாரம் அதைப் பிடித்தவனை என்ன செய்யும் என்பதில் அவர்கள் சொன்னது சரி. புரட்சியின் பெயரால் ஒரு கட்சி அரசைப் பிடித்தால் அது தொழிலாளி மேலேயே ஏறி உட்காரும் என்று ரஷ்ய அராஜகவாதி பகூனின் மார்க்ஸோடு சண்டை போட்டு, 1872-இல் பல நாட்டுத் தொழிலாளர் அமைப்பான முதல் அகிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1921 பிப்ரவரியில் இன்னொரு ரஷ்ய அராஜகவாதி குரோபோட்கின் இறந்தபோது மாஸ்கோவில் பெரும் ஊர்வலம் நடந்தது. அதற்காகச் சிறையிலிருந்து சில அராஜகவாதிகளை ஒருநாள் வெளியே விட்டார்கள். அடுத்த மாதமே, கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிரோன்ஸ்டாட் கடற்படை வீரர்களின் கிளர்ச்சியை அந்த ஆட்சியே நசுக்கியது. பகூனினின் எச்சரிக்கை பலித்துவிட்டது. ஆனால் அதிகாரத்தை நாம் தொடாமல் விட்டால் அது அப்படியே கிடக்கும் என்று பார்சிலோனாவில் நம்பியது பெரிய பிழை. பக்கத்தில் நின்றவர்கள் அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டார்கள், பத்தே மாதத்தில். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

பேத்தி வரலாறு படிக்கிறாள் என்பதால் ஒரு பெயரை விட்டுப்போகிறேன். எம்.பி.டி. ஆச்சார்யா. 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதியின் 'இந்தியா' பத்திரிகையில் பங்கெடுத்து, இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸ் வழியாக ஐரோப்பா முழுக்க அலைந்தவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் தலைவர் இவர்தான். அந்தக் கட்சியை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான எம்.என். ராயோடு முரண்பட்டு வெளியேறி, 1922-இல் பெர்லினுக்கு வந்து அராஜகவாதியானார். கடைசிவரை அப்படியே இருந்தார். 1930-களின் நடுவில் அவரும் ஓவியரான அவருடைய ரஷ்ய மனைவி மக்தா நாக்மனும் பம்பாய்க்குக் குடிவந்தார்கள். அங்கிருந்து அவர், பல நாட்டு அராஜகவாதிப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1951-இல் மக்தா இறந்தார். ஆச்சார்யா 1954-இல், அதே பம்பாயில், வறுமையில் இறந்தார். தாஷ்கண்டில் தலைவராக உட்கார்ந்தவர் ஏன் எழுந்து போனார் என்று உங்கள் பேத்தி தேடிப் பார்க்கட்டும். அவள் கண்டுபிடித்ததை அடுத்த மே தினத்தில், சிகாகோ நால்வரைப் பற்றிச் சொல்லும்போது, நீங்களும் சொல்லுங்கள்.

அன்புடன்.