ராத்திரியில குஞ்சு சாகுது, தக்காளி இலை கருகுது – பதில்

ப்ரோ, பத்து நாள் கோழிக்குஞ்சுங்க ராத்திரில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நசுங்கிச் சாகுதுன்னா பெரும்பாலும் குளிர்தான். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி மாதிரி குறைச்சுட்டே வரலாம், தெர்மாமீட்டர் இல்லாட்டியும் குஞ்சே காட்டிக்குடுத்துடும், சூட்டுக்குப் போட்ட பல்புக்கடியில குவிஞ்சா சூடு பத்தல, தள்ளிப்போய் வாயைப் பிளந்தா ஜாஸ்தி, பரவலா படுத்திருந்தா சரி. பெட்டி மூலையில அட்டைய வளைச்சு வச்சு வட்டமாக்கிடுங்க, மூலை இருந்தா அங்கதான் போய் நெரியும்.

7ம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) நோய்க்கான தடுப்பு சொட்டு மருந்து போட்டாச்சா? இல்லன்னா நாளைக்கே கால்நடை மருந்தகத்துல கேளுங்க.

தக்காளிக்கு பச்சைக் கோழி எருவ அப்படியே போட்டேன்னு சொன்னீங்களே, கருகுறது அதனாலதான் இருக்கும், மேலாப்ல சுரண்டி எடுத்துட்டு நல்லா தண்ணி விடுங்க, இனிமே மக்க வச்சுப் போடுங்க (நாத்தமும் குறையும், பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம்).