தோரின் சுத்தியலுக்கு எட்டாதவர்கள்

கேள்வி: நார்ஸ் (பண்டைய ஸ்காண்டினேவிய) புராணங்களில் வரும் ராட்சதர்கள் உடல் பெருத்து அறிவு சிறுத்த முரடர்கள்தானே? இடியின் தேவன் தோர் தன் சுத்தியலால் அவர்கள் மண்டையை உடைப்பதைத் தவிர அந்தக் கதைகளில் வேறு என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: மண்டையை உடைக்கும் கதைகள் உண்டு, மறுக்கவில்லை. ருங்னிர், திரிம் என்று தோரிடம் மாண்டவர்கள் பலர். அதை மட்டும் வைத்து ஒரு குலத்தையே மூடர் என்று முத்திரை குத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உறவுமுறையைப் பாருங்கள். தேவர்களின் தலைவன் ஓடினைப் பெற்ற பெஸ்ட்லா அந்தக் குலத்துப் பெண். தோர் ஓடினின் மகன். அப்படியானால் அவன் அடித்துக் கொல்வது யாரை? பாட்டி வீட்டு மனிதர்களை! அவர்கள் நிற்கும் பூமியே இமிர் என்ற ஆதி ராட்சதனின் உடல்தான். ஓடினும் சகோதரர்களும் அவனைக் கொன்றார்கள். சதை நிலமானது, இரத்தம் கடலானது, மண்டையோடு வானமானது. மேகங்கள்கூட அவன் மூளைதான்.

பழைய நார்ஸ் மொழியில் இவர்களுக்கு 'யோத்துன்' என்று பெயர். எல்லோரும் மலைபோன்றவர்கள் அல்லர், அழகிகளும் உண்டு. கெர்த் என்பவள் கதவைத் திறக்கக் கையை உயர்த்தினாள். அந்தக் கையின் ஒளியில் வானமும் கடலும் மின்னின. தொலைவிலிருந்து பார்த்த ஃப்ரேய் என்ற தேவன் சோறு தண்ணீர் மறந்தான்.

அறிவு சிறுத்தவர்கள் என்கிறீர்கள். வாஃப்த்ரூத்னிர் என்ற யோத்துனின் அறிவைச் சோதிக்க ஓடினே மாறுவேடத்தில் போனான். தோற்றால் தலை போகும் என்பது பந்தயம். கேட்டதற்கெல்லாம் அவன் பதில் சொன்னான். கடைசியில் ஓடின், "சிதையில் ஏற்றுமுன் பால்டரின் காதில் ஓடின் சொன்னது என்ன?" என்று கேட்டான். பால்டர் ஓடினின் இறந்துபோன மகன். சொன்னவனைத் தவிர யாருக்குத் தெரியும்? அறிவில் வென்றான் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்று இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1220 வாக்கில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற அந்நாட்டு அறிஞர் இக்கதைகளை எழுதி வைத்தார். அதில் உங்களுக்காகவே ஒன்று இருக்கிறது. உத்கார்டலோகி என்ற ராட்சத அரசனின் கோட்டைக்குத் தோர் போகிறான். ஒரு கொம்பைக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். மூன்று முறை மூச்சடக்கிக் குடித்தும் காலியாகவில்லை. பூனையைத் தூக்கச் சொல்கிறார்கள். ஒரு பாதம்தான் தரையை விட்டு எழும்புகிறது. பிறகு எல்லி என்ற கிழவியுடன் மல்யுத்தம். தோர் பிடியை இறுக்க இறுக்க அவள் அசையாமல் நிற்கிறாள். முடிவில் அவன் ஒற்றை முழங்காலில் விழுகிறான்.

மறுநாள் காலை, கோட்டை வாசலைத் தாண்டிய பிறகுதான் அரசன் உண்மையைச் சொல்கிறான். கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது. நீ குடித்ததில் கடல் இறங்கியதே, அந்த இறக்கம்தான் இனி கடலின் வற்றம். பூனை, உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு. கிழவி, முதுமை. அதன் முன் மண்டியிடாதவர் யார்?

தோர் ஆத்திரத்தில் சுத்தியலை ஓங்குகிறான். எதிரே அரசன் இல்லை. கோட்டையையாவது தகர்ப்போம் என்று திரும்புகிறான். அதுவும் இல்லை. பரந்த பசும்புல்வெளி மட்டும் கிடக்கிறது.