மணிக்கணக்கு வாடகை கராஜ்: கார் லிஃப்ட்லயே நிக்குது, அடுத்த புக்கிங் போகுது

ஆளுங்க மணிக்கணக்குல வாடகை குடுத்து அவங்க வண்டிய அவங்களே ரிப்பேர் பண்ணிக்கிற கராஜ் நடத்துறீங்க, அதுல அடுத்தடுத்து புக்கிங் வாங்குறத நிறுத்துங்க. ரெண்டு மணி நேரம் கேக்குறவருக்கு மூணு மணி நேரம் ஒதுக்குங்க, சீக்கிரம் முடிச்சா மீதி காச திருப்பி குடுத்துடுங்க. இருக்குறது ஒரே லிஃப்ட், முதல் ஆள் முடிக்காம ரெண்டாவது ஆள் கோவிச்சுட்டு போறார், அதனால லேட்டுக்கு டபுள் சார்ஜ் போடலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு வேணாம், காசு ஏறுதேங்குற பதட்டத்துல வீல் நட்ட சரியா முறுக்காம ரோட்டுக்கு போயிடுவாங்க.

திருவான்மியூர்னு போட்டிருக்கீங்க, அப்போ காரணம் பெரும்பாலும் துரு புடிச்ச போல்ட்டா தான் இருக்கும். கடல் காத்துல ஓடுற வண்டி, சைலன்சர் சஸ்பென்ஷன்னு வந்தா ஒரு போல்ட்டோட மல்லுக்கட்டியே பாதி நேரம் போயிடும். புக் பண்றவங்கள முந்தின ராத்திரியே துருவ இளக்குற ஸ்ப்ரே அடிச்சுட்டு, பார்ட்ஸையும் கையில வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

ஒரு மாசம் நோட்டு போட்டு பாருங்க: என்ன வேலை, எவ்ளோ நேரம் கேட்டார், எவ்ளோ ஆச்சு, எதுல நின்னுச்சு. பிரேக் பேட் மாத்துறவங்களுக்கு லிஃப்டே தேவையில்ல, தரையில ஜாக் ஸ்டாண்ட் (தூக்குன வண்டிய தாங்குற ஸ்டாண்ட்) போட்டு குடுத்தா போதும்.

ஒண்ணு மட்டும் கவனம். இடம் வேணும்னு பாதி கழட்டுன வண்டிய எறக்கி தள்ளிடாதீங்க. சக்கரத்து நடுவுல இருக்குற ஆக்ஸில் நட் முறுக்காம சக்கரத்துல வெயிட் ஏறுனா வீல் பேரிங் போயிடலாம். ரெண்டு தூண் லிஃப்ட்ல எஞ்சின் எறக்குற வேலைய வாடகைக்கு விடவே விடாதீங்க, எஞ்சின் முன்னாடி இருக்குற வண்டியில முன்பாரம் கொறைஞ்சதும் வண்டி பின்னாடி சாஞ்சிடலாம்.