நெல் பணத்தில் வாங்கிய கிரிப்டோ: நஷ்டப்பட்டவருக்கும் வரியா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். தஞ்சாவூரில் தனியார் வேலை, ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். அப்பா சம்பா நெல் போட்ட பணத்தில் ஒன்றரை லட்சம் கொடுத்தார். 2023 ஏப்ரலில் அதற்கு பிட்காயின் வாங்கினேன். டிசம்பரில் விலை ஏறியதும் 2,30,000 ரூபாய்க்கு யுஎஸ்டிடியாக (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) மாற்றி, அதை வைத்து வேறொரு சின்ன காயின் வாங்கினேன். அது சரிந்தது. 2024 பிப்ரவரியில் 1,40,000-க்கு விற்றுப் பணத்தை வங்கிக்கு எடுத்துவிட்டேன். போட்டதே திரும்பவில்லை என்பதால் ரிட்டர்னில் காட்டவில்லை; ஐடிஆர்-1-இல் சம்பளத்தை மட்டும் காட்டினேன். இப்போது 6 லட்ச ரூபாய் கிரிப்டோ பரிவர்த்தனை விடுபட்டிருப்பதாக வருமான வரித் துறையின் மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆறு லட்சத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விவசாயப் பணத்துக்குத்தான் வரி கிடையாதே?

பதில்: அந்த ஆறு லட்சம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். வருமான வரி இணையதளத்தில் 2023-24 நிதியாண்டுக்கான 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் திறங்கள். வருமான வரிச் சட்டம் 194எஸ் பிரிவின் கீழ், நீங்கள் காயின் வாங்கி விற்ற எக்ஸ்சேஞ்ச் 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருக்கும். பிட்காயினைக் கொடுத்தபோது 2,300. யுஎஸ்டிடியைக் கொடுத்து அடுத்த காயினை வாங்கியபோது இன்னொரு 2,300. கடைசி விற்பனையில் 1,400. மொத்தம் 6,000. துறையின் கணினி பார்ப்பது இந்த மூன்று பரிவர்த்தனைத் தொகைகளின் கூட்டை, அவ்வளவுதான். உங்கள் லாப நஷ்டம் அதற்குத் தெரியாது; கைமாறிய தொகை மட்டும் தெரியும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். ரூபாயாக வங்கிக்கு வந்தால்தான் விற்பனை என்று நினைக்கிறார்கள். சட்டப்படி ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையே. யுஎஸ்டிடி டாலரைப் போல நடந்துகொண்டாலும் அதுவும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துதான்.

அடுத்தது உங்களுக்குக் கசக்கும். 115பிபிஹெச் பிரிவின்படி லாபத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறெதையும் கழிக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் கட்டணம்கூடக் கழியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் நேர்செய்ய முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆக, பிட்காயினில் கிடைத்த 80,000 லாபம் தனியாக நிற்கும். சின்ன காயினில் போன 90,000 உங்கள் தலையோடு போயிற்று. பங்குச் சந்தைக்காரருக்கு இருக்கும் சலுகை கிரிப்டோக்காரருக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இதுதான்.

வரி 24,000, செஸ் 960, மொத்தம் 24,960. டிடிஎஸ் 6,000 போக 18,960 பாக்கி.

நெல் பணத்துக்கு வருவோம். குறுவையோ சம்பாவோ, நெல் விற்ற வருமானத்துக்கு 10(1) பிரிவில் விலக்கு உண்டு. அப்பா மகனுக்குக் கொடுத்தது நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்பு, அதற்கும் வரியில்லை. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய காயின் ஈட்டிய லாபம் விவசாய வருமானம் ஆகாது. வயல் காசு வயலோடு நின்றுவிட்டது.

இருந்தாலும் அந்தப் பணத்தின் மூலத்தை நிரூபிக்கும் தாள்களைத் தேடி எடுத்து வையுங்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் பணம் வரவான பக்கம், அவர் பெயரிலுள்ள சிட்டா, அடங்கல், உங்கள் கணக்குக்கு அவர் அனுப்பிய பதிவு. வியாபாரியிடம் ரொக்கத்துக்குப் போட்ட நெல்லாக இருந்தால்தான் சிக்கல். மூலம் காட்ட முடியாத முதலீடு என்று அதிகாரி முடிவுசெய்தால், 115பிபிஇ பிரிவில் வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78% ஆகும். ஒன்றரை லட்சத்துக்கு 1,17,000. லாபத்துக்குக் கட்டும் வரியைவிட இதைத்தான் நான் அஞ்சுவேன். நிலம் உங்கள் பெயரில் இருந்தால் கதை வேறு: 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் உள்ளவர் ஐடிஆர்-1 போடவே கூடாது.

செய்ய வேண்டியது: 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு (2023-24 நிதியாண்டின் வருமானம் இதில்தான் வரும்) 139(8ஏ) பிரிவின் கீழ் புதுப்பித்த ரிட்டர்ன், அதாவது ஐடிஆர்-யு. படிவம் ஐடிஆர்-2. அதில் விடிஏ (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணை தனியாக இருக்கும். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பதிவு: வாங்கிய தேதி, விற்ற தேதி, வருமானத் தலைப்பு (உங்களுக்கு மூலதன ஆதாயம்), வாங்கிய விலை, விற்ற விலை. விற்ற விலையில் டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்தைய தொகையைப் போடுங்கள். கைக்கு வந்ததைப் போட்டால் 26ஏஎஸ்ஸோடு இடிக்கும். லாபமே இல்லாத யுஎஸ்டிடி பதிவையும், நஷ்டமான பதிவையும் விட்டுவிடாதீர்கள். மூன்றும் சேர்ந்தால்தான் ஆறு லட்சம் ஒத்துப்போகும்.

தாமதத்துக்கு விலை உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து 234பி வட்டி (முன்கூட்டி வரி கட்டாததற்கு) மாதம் 1%. வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் கூடுதல் வரி: 2027 மார்ச் 31-க்குள் போட்டால் 50%, அதற்கடுத்த ஆண்டு 60%, 2029 மார்ச் வரை 70%. 2026 செப்டம்பரில் கட்டுவதாக வைத்துக்கொண்டால் 18,960 வரி, ஏறக்குறைய 5,670 வட்டி, 12,315 கூடுதல் வரி, கிட்டத்தட்ட 37,000. முன்கூட்டி வரியைத் தவணைப்படி கட்டாததற்கான 234சி வட்டி சிறிது சேரலாம். பணத்தைக் கட்டி, செலான் விவரத்தைச் சேர்த்த பிறகே ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியும். முன்பு கேட்காமல் விட்ட 6,000 டிடிஎஸ்ஸை இதில் கழித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒன்று: உங்களுக்கு வந்தது நினைவூட்டலா, நோட்டீஸா? மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், இணையதளத்தில் நேராக நுழைந்து, நோட்டீஸ்கள் இருக்கும் இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியைப் பாருங்கள். அந்த ஆண்டுக்கான மதிப்பீட்டு நடவடிக்கை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் ஐடிஆர்-யு உதவாமல் போகலாம். அப்போது நோட்டீஸோடு ஆடிட்டரையோ வழக்கறிஞரையோ பார்த்த பிறகே எதையும் தாக்கல் செய்யுங்கள்.

எக்ஸ்சேஞ்சின் பரிவர்த்தனை அறிக்கையை இன்றே பதிவிறக்கி வையுங்கள். செயலி மூடப்பட்டால் வாங்கிய விலைக்கு ஆதாரமே இருக்காது. வாலட்டில் விற்காமல் கிடக்கும் காயின் ஏதும் இருந்தால் அதற்கு இப்போது வரியில்லை. உங்களுடைய ஒரு வாலட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் விற்பனை ஆகாது. இரண்டும் உங்களுடையவைதான் என்று காட்ட அந்தப் பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்தால் போதும்.